தள்ளினால் எழ வேண்டிய செட்டியார்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வரவேண்டிய சங்கதியே இல்லை. திருச்சியிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகைக்காரர்கள் பொங்கல் மலருக்காக என்னிடம் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'சாய்ந்தாடும் பொம்மைகள்: வரலாறும் வசீகரமும்'. எனக்குப் பொம்மைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டால் மறுக்கமாட்டேன் என்று என்னைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். நானும் தலையை ஆட்டிவிட்டேன். (தலையாட்டி பொம்மைக்குப் பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்றாள் ராஜம். ராஜம் என் மனைவி. நான் எழுதுவதை முதலில் படிப்பவள். பல சமயங்களில் படிப்பவர்கள் அவளோடு முடிந்தும் போவார்கள்.)

நூலகத்தில் உட்கார்ந்து பாதிக் கட்டுரை எழுதியிருந்தேன். தீபாவளி வந்தது. 2008ஆம் வருஷத்துத் தீபாவளி. காரைக்கால் பாரதியார் சாலையில் நெய்னா முகம்மதுவின் ஜவுளிக்கடையில் துணி எடுத்துக்கொண்டு நின்றபோது, பேச்சுவாக்கில் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். பில் போட்டுக்கொண்டிருந்த நெய்னா முகம்மது கையை நிறுத்திவிட்டார்.

"பொம்மையப் பத்தியா எழுதுறீங்க? அப்ப போன தீபாவளிக்கு நம்ம கடை வாசல்ல நடந்தத எழுதுங்க சார். அத விட்டுட்டு சீனா, ஜப்பான்னு என்னத்துக்கு அலையணும்?"

சொல்லத் தொடங்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ராஜம் என் முழங்கையைக் கிள்ளினாள். நான் நகரவில்லை. அன்றைக்குக் கட்டுரை கெட்டது, கதை பிடித்துக்கொண்டது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப் பார்த்தவற்றை அப்படியே கீழே விட்டுவைக்கிறேன்.

முதல் தொடக்கம்:

விழுவது தோல்வியல்ல, விழுந்தபின் எழாமல் கிடப்பதே—

[நிறுத்திவிட்டேன். பேருந்து நிலையத்தில் விற்கும் தன்னம்பிக்கைப் புத்தகங்களின் பின்னட்டையில் இதைப் படித்திருப்பீர்கள். அதைவிட, இது பொய். சாய்ந்தாடும் பொம்மை முயற்சி செய்து எழுவதில்லை. அதற்குப் படுக்க முடியாது, அதனால் எழுகிறது. அதற்குப் போய் நாம் விடாமுயற்சிப் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.]

இரண்டாம் தொடக்கம்:

அலை வந்துபோன மூன்றாம் ஆண்டில், கடலோரத்து ஊர் ஒன்றில், ஒரு பொம்மை—

[இதுவும் வேண்டாம். 2004க்குப் பிறகு எங்கள் கடற்கரையைப் பற்றி யார் எழுதினாலும் அந்த அலையில்தான் தொடங்குகிறார்கள். பக்கத்து மீனவ ஊரான மண்டபத்தூர்க்காரர்களுக்கே அது அலுத்துவிட்டது. இந்தக் கதையில் வருவது வேறு அலை. சின்னது. அன்றாடம் வருவது.]

மூன்றாம் தொடக்கம்:

அருள்ராஜ் மண்டபத்தூரில் ஃபைபர் படகு கட்டுகிறவன்.

"இதுலேருந்து ஆரம்பிங்க," என்றாள் ராஜம். "மத்ததெல்லாம் தொண்டையக் கனைக்கிறது."

3

ஆனாலும் கொஞ்சம் கனைத்துக்கொள்கிறேன். நூலகத்தில் உட்கார்ந்த நாட்கள் வீணாகக்கூடாது என்கிற கஞ்சத்தனம்தான். அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

சீனத்தில் இந்தப் பொம்மைக்கு 'விழாத கிழவர்' என்று பெயராம். ஜப்பானில் அது கை கால் இல்லாமல் சிவப்பாக, உருண்டையாக இருக்கும் ஒரு துறவி. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிப் போனவர் என்று நம்மவர்கள் உரிமை கொண்டாடுகிற அதே துறவி. உட்கார்ந்தே தியானம் செய்ததில் கால்கள் உதிர்ந்துபோயின என்று அங்கே கதை இருக்கிறது. ருஷ்யர்கள் ஏதோ பக்கத்துவீட்டுச் சோம்பேறியை எழுப்புகிற மாதிரி பொம்மையின் பேரோடு 'எழுந்திரு' என்பதையும் சேர்த்துவிட்டார்கள். பிரெஞ்சில் இதன் பெயர் 'க்யுல்புத்தோ'. காரைக்காலில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற வீடுகளில் யாருக்காவது இந்தச் சொல் தெரிந்திருக்குமா என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவர் யோசித்துவிட்டுக் கேள்விப்பட்டதில்லை என்றார். இன்னொருவர், கெட்ட வார்த்தை மாதிரி இருக்கிறதே என்று கதவைச் சாத்திவிட்டார்.

நம் தஞ்சாவூரில் இரண்டு வகை உண்டு. பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தலையும் இடுப்பும் பாவாடையும் தனித்தனித் துண்டுகளாகக் கம்பியில் உட்கார்ந்து ஆடினால் அது தலையாட்டி. முழுப் பொம்மையும் ஒன்றாகச் சாய்ந்து எழுந்தால் அது சாய்ந்தாடி. அதற்கு அடி உருண்டை, உள்ளே களிமண் எடை. சரபோஜி மன்னர் காலத்தில் தொடங்கியது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. ஆதாரத்துக்கு இன்னொரு கட்டுரையைக் காட்டுகிறது. அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தால், அது ஆதாரத்துக்கு முதல் கட்டுரையைக் காட்டுகிறது. நான் இரண்டையும் மூடிவைத்துவிட்டேன்.

எல்லா ஊரிலும் தந்திரம் ஒன்றுதான். எடை முழுவதும் அடியில் இருக்கவேண்டும். பொம்மை சாயும்போது அந்த எடை கொஞ்சம் மேலே ஏறுகிறது. ஏறின எடைக்கு இறங்கத்தான் ஆசை. அது இறங்குவதைத்தான் நாம் பொம்மை எழுவதாகப் பார்க்கிறோம்.

வசீகரத்துக்கு வருகிறேன். கடைகளில் நின்று வேடிக்கை பார்த்ததில் ஒன்றைக் கவனித்தேன். பொம்மையை யாரும் ஒரு தடவையோடு விடுவதில்லை. முதலில் ஒரு தள்ளு, எழுந்ததும் சிரிப்பு, உடனே இன்னொரு தள்ளு. முதல் தள்ளு வேடிக்கைக்கு, இரண்டாவது சந்தேகத்துக்கு. எழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. இதைக் கட்டுரையில் எழுதியபோது பெருமையாக இருந்தது. இதனால் ஒரு மனிதன் எவ்வளவு பாடுபடமுடியும் என்று அப்போது தெரியாது.

4

அருள்ராஜ் மண்டபத்தூரில் ஃபைபர் படகு கட்டுகிறவன்.

கட்டிக்கொண்டிருந்தவன் என்று எழுதுவதுதான் சரி. இந்தக் கதை நடக்கும் 2007இல் அவனிடம் யாரும் படகு கேட்டு வரவில்லை. ஓட்டை அடைக்க, விரிசல் பூச, பாறையில் உரசின அடியைத் தேய்க்க என்று ஒட்டுவேலைகள் மட்டும் வந்தன. கீற்றுக்கொட்டகைப் பட்டறையில் படகு அச்சு கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஊர் ஆடுகள் ஏறி நின்றன.

காரணம் ஒரே ஒரு வாக்கியம். முந்தின வருஷம் அவன் கட்டிக்கொடுத்த படகொன்று, கரைக்குத் திரும்பும்போது முகத்துவாரத்துக்கு அருகே கவிழ்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. இஞ்சின் போயிற்று, வலை போயிற்று. சுக்கான் பிடித்திருந்தவருக்கு வலது தோள் எலும்பு முறிந்தது. அவர் சொக்கநாதன். அருள்ராஜின் கூடப்பிறந்த அண்ணன்.

ஊர்ப் பஞ்சாயத்தில் விசாரித்தார்கள். எப்படிக் கவிழ்ந்தது, காற்றா, அலையா, ஏற்றின பாரமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கட்டுப்போட்ட தோளோடு உட்கார்ந்திருந்த சொக்கநாதன் கட்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அவனுக்கு எடை தெரியாது."

அவ்வளவுதான். சமையல்காரனைப் பார்த்து உனக்கு உப்பு தெரியாது என்று சொல்வதைப் போல. வேறு யாராவது சொல்லியிருந்தால் அருள்ராஜ் சண்டைக்குப் போயிருப்பான். சொன்னது அண்ணன். அதனால் ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொதுச்சுவர். அந்தப் பக்கம் அண்ணன் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

பெண்களுக்குள் சண்டையில்லை. அருள்ராஜின் மனைவி மலர்க்கொடியும் சொக்கநாதனின் மனைவி பூங்கொடியும் தினமும் ஒரே ஆட்டோவில்தான் மீன்கூடையோடு காரைக்காலுக்குப் போனார்கள். இந்த வீட்டுச் சேதி அந்த வீட்டுக்கும், அந்த வீட்டுச் சேதி இந்த வீட்டுக்கும் அந்த ஆட்டோவில்தான் போய்வந்தது.

5

இந்த இடத்தில் கதை என்னிடம் முரண்டு பிடித்தது. காரணம் சொக்கநாதன்.

முதல் பிரதியில் அவரைப் பொல்லாதவராக எழுதினேன். தம்பியின் பிழைப்பைக் கெடுத்த அண்ணன். எழுத எழுத நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. ஒரு மனிதர் தம்பியைப் பொறுப்பாக்கிவிட்டார், ஊரும் ஒப்புக்கொண்டது. கோபமெல்லாம் அதோடு தீர்ந்திருக்கவேண்டாமா? அதற்குப் பிறகும் எதற்கு ஒரு வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும்?

நேரில் கேட்டுவிடலாமென்று மண்டபத்தூருக்குப் போனேன். அவர் வாசலில் வலையைப் பிரித்துப்போட்டு அறுந்த கண்களைத் தைத்துக்கொண்டிருந்தார். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு வேணும்?" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே சொக்கநாதனின் மனசுக்குள் என்ன இருந்தது என்று இந்தக் கதையில் எங்கேயாவது நான் எழுதினால், ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

6

2007 தீபாவளிக்கு முன்னால் நெய்னா முகம்மது கடையை விரிவாக்கினார். வாசலில் நிறுத்த ஆள் உயரத்துக்கு ஒரு தஞ்சாவூர்ப் பொம்மை வேண்டும், வருகிறவர்கள் தள்ளி விளையாடவேண்டும் என்று ஆசைப்பட்டார். அவ்வளவு பெரிதாகச் செய்ய ஃபைபர்தான் தோது என்று யாரோ சொன்னார்கள். அவர் சொந்த ஊர் கடலோரத்துத் திருமலைராயன்பட்டினம். படகுக்காரர்களோடு பழக்கம் உண்டு. பட்டறைக்கே வந்துவிட்டார்.

"செட்டியார் பொம்மை, தம்பி. தொந்தியும் மீசையுமா, உக்காந்திருக்கணும். தள்ளுனா சாயணும், சாஞ்சா எந்திரிக்கணும். செய்வீங்களா?"

மாதிரிக்கு வீட்டிலிருந்து சின்னப் பொம்மை ஒன்றை எடுத்து வந்திருந்தார். அருள்ராஜ் அதை அச்சின் மேல் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினான். அது ஆடி எழுந்தது. அவன் முகம் மாறியதை நெய்னா முகம்மது இப்போதும் சொல்கிறார்.

"இது எடை வேலதானே பாய்," என்றான்.

"அதான் உங்கள்ட்ட வந்தேன்," என்றார் அவர். ஊரில் பேசிக்கொள்வது அவர் காதுக்கு எட்டியிருந்ததா என்று நான் கேட்டேன். எட்டியிருந்ததாம். "ஒரு வாட்டி கவுந்தவன் ரெண்டாம் வாட்டி சூதானமா இருப்பான் சார். யாவாரத்துல நாங்க பாக்குறது அதத்தான்."

மலர்க்கொடிக்கு இது பிடிக்கவில்லை.

"படகு கட்டுன கையால பொம்ம செய்யப் போறீங்களாக்கும். அதச் செஞ்சு என்னா ஆவப்போவுது?"

"எடை போடுறது நாந்தானே. காரைக்கால்ல இருக்கிற சனமெல்லாம் வந்து தள்ளும். தள்ளத் தள்ள எந்திரிக்கும். அது போதும்."

"யாருக்குப் போதும்?"

அவன் பொதுச்சுவரைப் பார்த்தான். மலர்க்கொடிக்குப் புரிந்தது. அதன் பிறகு அவள் தடை சொல்லவில்லை.

அருள்ராஜ் மாதிரி ஆசைப்பட்டு வேலை செய்தவனை நான் பார்த்ததில்லை. (நான் பார்க்கவேயில்லை. அடுத்த வருஷம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் இந்த வாக்கியத்தை எடுக்க மனம் வரவில்லை.) தலைக்குத் தெர்மாகோல் செதுக்கி அதன் மேல் ஃபைபர் பிசினான ரெசினைப் பூசினான். ரெசின் பட்டதும் தெர்மாகோல் கரைந்து செட்டியார் தலை குழிந்துபோயிற்று. மறுபடி ஒரு மண்பானையைக் கவிழ்த்து, அதன் மேல் தலையை எடுத்தான். தொந்திக்குக் கம்பிவலை வளைத்து சாக்கு சுற்றினான். வேட்டிக்கரைக்குப் படகுக்கு அடிக்கும் நீல பெயிண்ட். பெரிய பொட்டு வைத்தது மலர்க்கொடி.

அடிப்பாகத்துக்கு அவன் வேறெங்கும் போகவேண்டியிருக்கவில்லை. படகு அச்சு இருந்தது. அதன் நடுப்பகுதியில் ஒரு துண்டு வார்த்து எடுத்தான். வயிறு மாதிரி நல்ல வளைவு. முன்பக்கமும் பின்பக்கமும் திறந்திருந்ததைத் தட்டையாக அடைத்தான். உள்ளே, படகின் அடியில் முதுகெலும்பாக ஏரா ஓடுகிற மாதிரி நடுவில் நெடுக, பழைய இரும்பையும் சிமெண்டையும் போட்டு இறுக்கினான். கனம் கீழே நன்றாக உட்கார்ந்தது. முன்பக்கத் தட்டை தெரியாதபடி வேட்டி மடிப்பு வந்து மூடிக்கொண்டது.

7

[வாசகரே, தவறு நடந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்ததா? எனக்குத் தெரியவில்லை. நெய்னா முகம்மது சொல்லும்போதும் தெரியவில்லை. அருள்ராஜ் விளக்கிச் சொன்ன பிறகு, வீட்டில் பால் டின்னை வைத்துப் பார்த்துத்தான் விளங்கிற்று.]

பொம்மையைப் பலகை மேல் ஏற்றிவைத்தார்கள். ஊர் கூடிற்று. பஞ்சாயத்தார் சண்முகசுந்தரம் முதலில் வந்தார். செட்டியாரின் பக்கவாட்டில் போய் நின்று, தோளில் இரண்டு கையையும் வைத்து, கரையில் படகை அசைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு தள்ளு தள்ளினார். செட்டியார் காது பலகையைத் தொடுமளவு சாய்ந்து எழுந்தார். கூட்டம் சிரித்தது. சண்முகசுந்தரம் இன்னொரு தடவை தள்ளினார். எழுந்தது. பிறகு ஆளாளுக்கு வந்தார்கள். இடது பக்கமிருந்து தள்ளினார்கள், வலது பக்கமிருந்து தள்ளினார்கள். ஒருவர் ஏறித் தோளில் தொங்கிக்கூடப் பார்த்தார். செட்டியார் சளைக்கவில்லை.

"எடைல்லாம் சரியாத்தான் போட்டுருக்கான்," என்றார் சண்முகசுந்தரம், எல்லாருக்கும் கேட்கும்படி. அருள்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் வீட்டு வாசலைப் பார்த்தான். சாத்தியிருந்தது.

அத்தனை பேரில் ஒருத்தர்கூட முன்னாலிருந்து தள்ளவில்லை. ஏன் என்று அருள்ராஜிடம் கேட்டேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"முன்னால வர்ற அலையால படகுக்கு என்னா சார் ஆவும்? ஏறி எறங்கிடும். பக்கத்துல வாங்குனாத்தான் கவுக்கும். எங்களுக்குக் கை அங்கதான் சார் போவுது. செய்யும்போதும் அங்கதான் போச்சு, தள்ளும்போதும் அங்கதான் போச்சு."

கடலில் பிழைக்கிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு இது. படகின் நடுத்துண்டு இரண்டு பக்கமும் எவ்வளவு சாய்ந்தாலும் எழும். முன்னும் பின்னும் அது வெறும் தட்டை. கொஞ்சம் சாய்த்தால் தாங்கும், விளிம்பைத் தாண்டினால் விழுந்து கிடக்கும். பால் டின்னைப் படுக்கவைத்தால் பக்கவாட்டில் உருளும். நுனியில் நிமிர்த்தினால் நின்றுவிடும். அவ்வளவு எளிய விஷயம். ஒரு ஊரே கூடியும் கண்ணில் படவில்லை.

அவன் அதைச் சொன்னபோது எனக்குள் வேறொரு கேள்வி எழுந்தது. பக்கத்தில் வாங்கினால்தான் கவிழும் என்றால், அன்றைக்கு முகத்துவாரத்தில் படகு அலையை எந்தப் பக்கம் வாங்கியது? சுக்கான் யார் கையில் இருந்தது? அருள்ராஜுக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இருந்திருக்காது. அந்த ஒரு வருஷமும் அவன் அதை யாரிடமும் கேட்கவில்லை. நானும் அவனிடம் கேட்கவில்லை.

8

இனி கடைவாசல். நெய்னா முகம்மது சொன்னபடியே எழுதுகிறேன். அவர் சொன்னதில் கொஞ்சம் மிகை இருக்கும்.

காலையில் குட்டி யானை வண்டியில் செட்டியார் வந்து இறங்கினார். வாசற்படிக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு. தெருவில் பண்டிகைக் கூட்டம். அருள்ராஜ் வெள்ளைச் சட்டை போட்டு ஓரமாக நின்றான். கூட்டத்தில் மலர்க்கொடி இருந்தாள். அவள் பக்கத்தில் பூங்கொடி. பூங்கொடியின் பின்னால், துணிப்பையைப் பிடித்துக்கொண்டு, சொக்கநாதன். தீபாவளிக்குத் துணி எடுக்க இந்தக் கடைக்குத்தான் வரவேண்டும் என்று பெண்கள் இருவரும் ஆட்டோவில் பேசிவைத்தது, அருள்ராஜுக்குத் தெரியாது.

அண்ணனைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்து நின்றான். இதற்காகத்தானே எல்லாம்.

முதலில் வந்த வாடிக்கைக்காரர் வடிவாம்பாள் டீச்சர். தெருவிலிருந்து வருகிறவர் எங்கிருந்து தள்ளுவார்? நேரே வந்து செட்டியாரின் தொந்தியில் உள்ளங்கையை வைத்து லேசாக அமுக்கினார். செட்டியார் பின்னால் கொஞ்சம் சாய்ந்து திரும்பினார். டீச்சர் சிரித்தார். கடைப் பையன்களில் மூத்தவனான முகிலன், "அப்படி இல்ல டீச்சர், நல்லா தள்ளணும்," என்று முன்னால் வந்து, மார்பில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினான்.

செட்டியார் மல்லாந்து விழுந்தார். விழுந்தவர் எழவில்லை.

விருந்து சாப்பிட்டவர் மாதிரி தொந்தியும் மீசையும் வானத்தைப் பார்த்தபடி, கடைக்குள் தலையும் தெருவுக்குக் காலுமாகக் கிடந்தார். ஒரு நிமிஷம் எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு யாரோ, "செட்டியார் தூங்கப் போயிட்டாரு," என்றார்கள். தெரு முழுக்கச் சிரிப்பு. உலகத்துச் சாய்ந்தாடும் பொம்மைகளிலேயே படுக்கத் தெரிந்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"பரவால்ல தம்பி, இன்ஷா அல்லாஹ் சரி பண்ணிக்கலாம்," என்று நெய்னா முகம்மது தோளைத் தட்டினார். அருள்ராஜுக்கு அது காதில் விழவில்லை. மானம் போனால் உடம்பு எப்படி இருக்குமென்று அவன் பிறகு என்னிடம் சொன்னான்: கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று தெரியாதாம். அண்ணன் சொன்னதை இத்தனை பேர் முன்னால் நிரூபித்துக் கொடுத்தாயிற்று. ஓடிப் போகலாமென்றால் வழியில் அண்ணன் நிற்கிறார்.

சொக்கநாதன் துணிப்பையைப் பூங்கொடியிடம் கொடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறினார். விழுந்து கிடந்த பொம்மையின் அருகே குந்தினார். வேட்டி மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். கரையில் கவிழ்த்த படகைத் தடவுவது போல அடிப்பக்கத்தைத் தடவினார். முதலில் முன்பக்கத்துத் தட்டை. பிறகு பக்கத்து வளைவு. வளைவில் கை கொஞ்ச நேரம் நின்றது.

"பிடி," என்றார் முகிலனிடம். இருவருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். வலது தோளில் வலி எடுத்ததை முகம் காட்டியது. நிறுத்திய பிறகு அவர் விடவில்லை. பொம்மையை அப்படியே திருப்பினார். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த செட்டியார் இப்போது பக்கத்துக் கரும்புச்சாறு கடையைப் பார்த்தார். அவருடைய தோள் தெருவின் பக்கம் வந்தது. தெருவிலிருந்து ஏறி வருகிற யாரும் இனி அந்தத் தோளைத்தான் தள்ளமுடியும்.

சொக்கநாதன் தள்ளினார். நல்ல தோளைக் கொடுத்து, முழுப் பலத்தோடு. செட்டியார் தரையைத் தொடப் போய் எழுந்தார்.

அவர் இரண்டாவது தடவை தள்ளவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினார்.

9

முடிவுகள்.

(அ) சொக்கநாதன் ஒன்றும் பேசாமல் கடைக்குள் போகிறார். தனக்கு ஒரு வேட்டி, அதே கரையில் தம்பிக்கு ஒரு வேட்டி. பூங்கொடி கையில் கொடுத்தனுப்புகிறார்.

[படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் வேட்டியை வாங்கிக்கொண்டு அருள்ராஜ் என்ன செய்வான்? ஊரில் சொன்ன வாக்கியம் ஊரில் அப்படியே இருக்கும்.]

(ஆ) "நான் அன்னிக்கே சொன்னேனே," என்று சிரித்துவிட்டுப் போகிறார்.

[சிரிப்பதாக இருந்தால் விழுந்தபோதே சிரித்திருப்பார். படியேறி வந்து, வலிக்கிற தோளால் தூக்கியிருக்கமாட்டார்.]

(இ) "எடை சரியாத்தான்டா இருக்கு. நிப்பாட்டுனதுதான் தப்பு."

இதை எழுதியதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கதை முடிந்தது என்று ராஜத்தைக் கூப்பிட்டேன். அவள் படித்துவிட்டுப் போய் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தாள்.

"இத அவரு சொன்னாருன்னா, அதோட நிறுத்த முடியாதுங்க. பொம்மைய நிப்பாட்டுனது தப்புன்னா, அன்னிக்குப் படகத் திருப்புனது? சுக்கான் அவரு கையிலதானே இருந்துச்சு. அதையும் சேத்து சொல்லணும். அதச் சொல்ல முடியாமத்தான் அந்த மனுசன் ஒரு வருசமா வாய மூடிட்டு இருந்திருக்காரு. நாலு பேரு முன்னால, கடைவாசல்ல, சட்டுனு சொல்லிடுவாரா?"

ஐந்தாம் பகுதியில் நான் விட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். கோபத்தில் பேசாதவர் கோபம் தணிந்ததும் பேசிவிடுவார். தன் பக்கம் தப்பு என்று தெரிந்து பேசாமல் இருக்கிறவர்தான் வருஷக்கணக்கில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டே இருக்கவேண்டும். எனக்குச் சொக்கநாதன் மேல் இரக்கமாக இருந்தது. மூன்றாவது முடிவை அடித்தேன். அடித்ததை எடுக்கவில்லை, மேலேயே இருக்கிறது.

சாட்சிகளிடம் போனேன். நெய்னா முகம்மதுவுக்கு ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்கவில்லை. "உதடு அசைஞ்சுது சார். அது மட்டும் சத்தியம்." பூங்கொடி கூடையை இறக்கிவைக்காமலே, "அது அவங்களுக்குள்ள," என்றாள். மலர்க்கொடி, "பேசுனாரு," என்றாள். என்ன பேசினார் என்றதற்கு, வஞ்சிரம் வேணுமா சங்கரா வேணுமா என்று கேட்டாள்.

கடைசியாகப் பட்டறைக்குப் போனேன். அச்சின் மேல் இப்போது ஆடுகள் இல்லை. புதிதாகப் படகு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அருள்ராஜ் வாளியில் ரெசினைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் அன்னிக்கு என்ன சொன்னாரு அருள்ராஜ்?"

"ஹார்ட்னர் ஊத்தியாச்சு சார். இனிமே நிக்க முடியாது, எறுகிப்போயிடும்," என்று சொல்லிவிட்டு அச்சுக்குள் குனிந்தான். யாருடைய படகு என்று கேட்டேன். "ஒருத்தரோடது," என்றான்.

ஆகவே சொக்கநாதன் தம்பியைப் பார்த்து வாயைத் திறந்தார் என்பதுவரைதான் சாட்சி இருக்கிறது. அதற்குப் பிறகுள்ள இடத்தை இப்படி விடுகிறேன்:

" . . . . . . . . . . . . . . . . . . . . . "

இதை என்னால் நிரப்ப முடியாது. நான் ஒற்றைப் பிள்ளை. வருஷக்கணக்கில் பேசாமல் இருக்க எனக்கு யாரும் கிடைத்ததில்லை. உங்களுக்கு அப்படி இருக்காது. யாராவது ஒருவர் இருப்பார். அன்றைக்குத் தப்பு யார் பக்கம் என்று ஊருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். முதல் வாக்கியம் எதுவாக இருக்கவேண்டும் என்றும் தெரியும், ரொம்ப நாளாகவே தெரியும்.

அதை எழுதி எனக்கு அனுப்பவேண்டாம். அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.